இறக்குமதிச் சோதனைகளைச் செப்பனிடல்

பைத்தான் மொழியில் எழுதப்பெறும் நிரல்கள் பெரும்பாலும் ‘இம்போர்ட்’ என்னும் கட்டளையோடு தொடங்குகின்றன. வேறொருவர் எழுதி வைத்த நிரற்கூறு ஒன்றைத் தம் நிரலுக்குள் கொண்டுவரும் கட்டளை அது. எழுதுவோர்க்கு அது ஒரே ஒரு வரி. அந்த வரியை நிறைவேற்றக் கணிப்பொறி மேற்கொள்ளும் வேலைகளோ ஒரு நீண்ட தொடர்.

முதலில், கேட்கப்பட்ட பெயர் ‘சிஸ்.மாடியூல்ஸ்’ என்னும் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. இருந்தால் அங்குள்ளதே எடுத்துத் தரப்படும். வேறு தேடல் இல்லை. இல்லையெனில் கண்டறிவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கப்படுகின்றன. நிரல்பெயர்ப்பியோடு பிறந்த கூறுகளை ஒன்று தேடும், உறைநிலையில் உள்ளே பதித்து வைத்தவற்றை மற்றொன்று தேடும், ‘சிஸ்.பாத்’ என்னும் வழிப்பட்டியலில் உள்ள அடைவுகளை மூன்றாவது ஒவ்வொன்றாகத் துழாவும். கோப்பு கிடைத்ததும் ஏற்றி என்னும் உறுப்பு பொறுப்பேற்கிறது. வெறுமையான நிரற்கூறு ஒன்று படைக்கப்பட்டுப் பதிவேட்டில் முதலில் எழுதப்படும். அதன்பிறகே ஏற்றி உள்ளிருக்கும் வரிகளை இயக்கும். இந்த வரிசைமுறைக்கு வலுவான காரணம் உண்டு. இரண்டு கூறுகள் ஒன்றையொன்று அழைக்கும்போது, பாதி நிரம்பிய நிலையிலாவது ஒன்று பதிவேட்டில் இராவிட்டால் அழைப்பு முடிவின்றிச் சுழலும். இயக்கத்தின் நடுவே பிழை நேர்ந்தால் அந்தக் கூறு பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். ஆனால் அது தன் வழியில் இழுத்துவந்த, பிழையின்றி ஏறிய பிற கூறுகள் அப்படியே தங்கிவிடும்.

இறுதியாகச் சொன்ன இந்தத் ‘தங்கிவிடுதல்’ சோதனை எழுதுவோரை அலைக்கழிப்பது. அதற்கு வருமுன் இந்தப் பொறியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

கைடோ வான் ராசம் 1991-இல் பைத்தானை வெளியிட்டார். அதன் இறக்குமதிப் பொறி நெடுங்காலம் சி மொழியில் எழுதப்பட்டிருந்தது; அதனுள் நுழைந்து மாற்றுவது எளிதாக இல்லை. 2003-இல் வந்த 2.3 பதிப்பு, பெப் 302 என்னும் முன்மொழிவின்படி கண்டறிவி, ஏற்றி என்னும் கட்டமைப்பை நிரலர்களுக்குத் திறந்துவிட்டது. பின்னர் பிரெட் கேனன் இறக்குமதி முழுவதையும் பைத்தான் மொழியிலேயே மீண்டும் எழுதினார். ‘இம்போர்ட்லிப்’ என்னும் பெயரில் 2009-இல், 3.1 பதிப்போடு அது வெளிவந்தது. 2012-இல் 3.3 பதிப்பில் அதுவே மொழியின் மெய்யான இறக்குமதிப் பொறி ஆயிற்று. அதன் நிரல் முன்கூட்டியே பைட்டுக்குறிகளாக மாற்றப்பட்டு, நிரல்பெயர்ப்பிக்குள் உறைநிலையில் பதிக்கப்பட்டது. 2014-இன் 3.4 பதிப்பில் ஒவ்வொரு நிரற்கூற்றுக்கும் அதன் தோற்றம், ஏற்றி, இருப்பிடம் ஆகியவற்றைச் சொல்லும் விவரக்குறிப்பு ஒன்று சேர்ந்தது. இப்படிப் பதிப்புக்குப் பதிப்பு பொறி வளர வளர, அதற்கான தானியங்கிச் சோதனைகளும் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் எழுதியவை. ஒவ்வோர் அடுக்கும் தன் காலத்து நடையைச் சுமந்து நிற்கிறது. அவற்றின் நடையை ஒழுங்குசெய்வது எவ்வகைப் பணி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இறக்குமதியைச் சோதிப்பது தராசைக் கொண்டே அந்தத் தராசை நிறுப்பது போன்றது. இரு எண்களைக் கூட்டும் செயற்கூற்றைச் சோதித்தால், விடை வந்ததும் வேலை முடிந்தது. உலகம் முன்னிருந்தபடியே இருக்கும். இறக்குமதிச் சோதனை அப்படி முடிவதில்லை. பதிவேடு மாறியிருக்கும், வழிப்பட்டியல் நீண்டிருக்கும், வட்டில் பைட்டுக்குறிக் கோப்பு ஒன்று புதிதாய் முளைத்திருக்கும், அடைவுகளின் உள்ளடக்கம் குறித்த நினைவுத் தேக்கம் நிரம்பியிருக்கும். சோதனையை ஓட்டும் கருவியும் அதே பதிவேட்டை, அதே வழிப்பட்டியலைப் பயன்படுத்தித்தான் இயங்குகிறது. எனவே ஒரு சோதனை விட்டுச்சென்ற எச்சம் அடுத்த சோதனையைக் கெடுக்கும். சில வேளை கெட்டிருக்க வேண்டிய சோதனையை வெற்றிபெறச் செய்யும். பின்னதே கொடியது, யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆகவே இங்கே நடை என்பது இடைவெளியும் வரியகலமும் பற்றிய செய்தியோடு முடிவதில்லை என்பது என் உறுதியான கருத்து. பொதுநிலையில் எதை இந்தச் சோதனை தொடுகிறது, எதைத் திருப்பி வைக்கிறது என்பதைப் படிப்பவர் கண்ணுக்குப் புலப்படுத்துவதே இறக்குமதிச் சோதனைக்கு உரிய நன்னடை.

ஓர் எடுத்துக்காட்டை அருகிலிருந்து பார்ப்போம். பைத்தானோடு வரும் ‘ஜேசன்’ தொகுப்புக்குள் ‘டிகோடர்’ என்னும் உட்கூறு உண்டு. அதைப் புதிதாக ஏற்றிச் சோதிக்க விரும்பும் ஒருவர், பதிவேட்டிலிருந்து ‘ஜேசன்.டிகோடர்’ என்னும் பதிவை மட்டும் நீக்குகிறார். இனி எல்லாம் புதிதாக ஏறும் என்று எண்ணுகிறார். ‘ஃபிரம் ஜேசன் இம்போர்ட் டிகோடர்’ என்று எழுதினால் கிடைப்பது பழைய கூறே. ஏனெனில் உட்கூறு ஒன்று ஏறும்போது, அது தாய்த் தொகுப்பின் பண்பாகவும் பொருத்தப்படுகிறது. பதிவேட்டில் பெயரை அழித்தாலும் தாயின் பண்பு அழிவதில்லை; பண்பு இருப்பதைக் கண்ட பொறி மீண்டும் தேடப் புகுவதில்லை. மாறாக ‘இம்போர்ட் ஜேசன்.டிகோடர்’ என்று எழுதினால் பொறி பதிவேட்டைப் பார்க்கும். பதிவு இல்லை எனக் கண்டு கோப்பை மீண்டும் இயக்கும். புதிய கூறு பிறக்கும். தாயின் பண்பும் புதியதைச் சுட்டும்.

இப்போது விளைவைப் பாருங்கள். பிழையான ஜேசன் உரைக்கு எழுப்பப்படும் விதிவிலக்கு வகுப்பு, டிகோடர் கூற்றில் வரையறுக்கப்பட்டது. அந்தக் கூறு இருமுறை இயங்கியதால் அவ்வகுப்பும் இரண்டாகிவிட்டது. பெயர் ஒன்று, ஆள் இருவர். தாய்த் தொகுப்பிலுள்ள ‘லோட்ஸ்’ செயற்கூறு பழைய டிகோடரையே பற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு வெற்றுரை ஒன்றைக் கொடுத்தால் பழைய வகுப்பின் விதிவிலக்கு எழும். ‘ஜேசன்.டிகோடர்’ வழியாகப் பெயர்சொல்லி அதைப் பிடிக்கக் காத்திருக்கும் வரியோ புதிய வகுப்பை எதிர்பார்த்து நிற்கும். பிழை கையில் சிக்காமல் நழுவிப்போகும். பிழைச்செய்தியில் இரு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிவதால், காரணம் காண முனைபவர் நெடுநேரம் திகைப்பார். அதிலும் இந்தத் தோல்வி வெளிப்படுவது வேறொரு கோப்பிலுள்ள, இதோடு தொடர்பே இல்லாத சோதனையில்.

இத்தகைய எச்சங்களை நீக்குவதற்குச் சோதனை எழுதுவோர் கையாண்ட முறைகள் காலத்துக்குக் காலம் மாறின. தொடக்கத்தில் ‘டிரை’, ‘ஃபைனலி’ என்னும் கட்டளைகளால் ஒவ்வொரு சோதனையையும் சுற்றி வேலி கட்டினர். பின்னர் ‘செட்டப்’, ‘டியர்டவுன்’ என்னும் முன்னேற்பாட்டு, பின்னொழுங்குச் செயற்கூறுகள் பரவலாயின. பார்க்க ஒழுங்காக இருந்தாலும் இம்முறையில் ஓர் ஓட்டை உண்டு. செட்டப் நடுவழியில் தோற்றால் டியர்டவுன் அழைக்கப்படாது. வழிப்பட்டியலில் அடைவைச் சேர்த்த பிறகு, கோப்பை எழுதும்போது பிழை நேர்ந்தால், சேர்த்த அடைவு சேர்த்தபடியே கிடக்கும். 2.7, 3.1 பதிப்புகளில் வந்த ‘ஆட்கிளீனப்’ இதைத் தீர்த்தது. ஒரு நிலையை மாற்றும் வரிக்கு அடுத்த வரியிலேயே அதைத் திருப்பி வைக்கும் செயலையும் பதிந்துவிடலாம். செட்டப் தோற்றாலும் பதிந்தவை தலைகீழ் வரிசையில் நிறைவேறும். மாற்றமும் மீட்பும் அடுத்தடுத்த வரிகளில் நிற்பதால் படிப்பவர் கோப்பின் அடிக்கும் முடிக்கும் அலைய வேண்டியதில்லை. ‘வித்’ கட்டளையோடு வரும் சூழல் மேலாளிகள் இதனினும் தெளிவானவை. பைத்தானின் சொந்தச் சோதனைத் தொகுதியில் ‘அன்கேஷ்’ என்றொரு மேலாளி உண்டு. குறிப்பிட்ட பெயர்களைப் பதிவேட்டிலிருந்து முன்னும் பின்னும் அகற்றுவது அதன் வேலை. ‘இம்போர்ட் ஸ்டேட்’ என்றொன்று கண்டறிவிகளின் பட்டியல், வழிப்பட்டியல், தேக்கம் முதலியவற்றை மாற்றி வைத்து, முடிவில் மீட்டுத் தரும். பத்து வரி வேலியை ஒரு வரியாக்குவது வெறும் சுருக்கம் என்று கொள்ளற்க. இந்தச் சோதனை எதைத் தொடுகிறது என்பதை அந்த ஒரு வரி வெளிப்படையாக அறிவிக்கிறது.

மீட்பதிலும் நுணுக்கம் உண்டு. வழிப்பட்டியலைப் படியெடுத்து வைத்து, முடிவில் அந்தப் படியை ‘சிஸ்.பாத்’ என்னும் பெயருக்கே ஒப்படைத்தால் உள்ளடக்கம் சரியாகத் தோன்றும். ஆனால் பட்டியல் என்னும் பொருள் மாறிவிட்டது. பழைய பட்டியலைத் தம்மிடம் பிடித்து வைத்திருக்கும் பிற நிரல்கள் இனி வேறொரு பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்கும். பைத்தானின் சோதனை ஓட்டி இதை அறிந்தே, பட்டியலின் அடையாளம், உள்ளடக்கம் இரண்டையும் ஒவ்வொரு சோதனைக் கோப்புக்கும் முன்னும் பின்னும் ஒப்பிடுகிறது. மாறியிருந்தால் சூழல் மாறியது என்று அறிவிக்கும். அதையே தோல்வியாகக் கருதும்படி பணிக்கவும் ஒரு விருப்பத்தேர்வு உண்டு. சோதனைகளின் வரிசையைக் குலைத்து ஓட்டும் வசதியும் அதில் உண்டு. எச்சத்தால் வென்றுகொண்டிருந்த சோதனைகள் வரிசை குலைந்தால் விழுந்துவிடும். செப்பனிடத் தொடங்குமுன் ஒருமுறையேனும் இப்படி ஓட்டிப் பார்ப்பது நல்லது.

விதிவிலக்கை எதிர்பார்க்கும் சோதனைகளில் பழைய நடை இது: முயன்று பார், இம்போர்ட் எர்ரர் வந்தால் கடந்து போ, வராவிட்டால் தோல்வி என்று சொல். ‘அசர்ட்ரெய்சஸ்’ என்னும் மேலாளியால் இதைச் சுருக்கும்போது ஒரு விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். மேலாளியின் அணைப்புக்குள் பிழையை எழுப்ப வேண்டிய அந்த ஒரு வரி மட்டுமே இருக்கட்டும். கோப்பு எழுதுவது, பெயர் அமைப்பது முதலிய ஆயத்தங்கள் வெளியே நிற்கட்டும். மேலும், இம்போர்ட் எர்ரர் என்பது அகன்ற வலை. 3.6 பதிப்பிலிருந்து, கூறு கிடைக்கவில்லை என்பதற்கென ‘மாடியூல் நாட் ஃபவுண்ட் எர்ரர்’ என்னும் துணைவகுப்பு தனியே உள்ளது. தொகுப்பின் எல்லைக்கு அப்பால் சார்புவழி இறக்குமதி செய்தால் பிழை எழ வேண்டும் என்பதைச் சோதிக்கும் ஒருவர், கூற்றின் பெயரைத் தவறாக எழுதிவிட்டால் அப்போதும் பிழை எழும், சோதனை வெல்லும், சோதிக்க வந்ததோ சோதிக்கப்படாமலே கிடக்கும். எழுந்த பிழையின் ‘நேம்’ பண்பையோ செய்தியையோ ஒப்பிடும் கூடுதல் வரி ஒன்று இதைத் தடுக்கும். செப்பனிடும்போது சேர்க்கத்தக்க வரிகளில் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

காலமும் ஒரு பொதுநிலைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மூலக்கோப்பு ஒன்று ஏறியதும் அதன் பைட்டுக்குறி வடிவம் ‘பைகேஷ்’ அடைவில் சேமிக்கப்படுகிறது. அதன் தலைப்பில் மூலக்கோப்பு கடைசியாக மாறிய நேரமும் அதன் அளவும் பொறிக்கப்படுகின்றன. நேரம் முழு நொடிகளில் மட்டும் பதியப்படும். ஒரு சோதனை, மதிப்பு 1 என்று எழுதிய கோப்பை ஏற்றிவிட்டு, அதே நொடிக்குள் 2 என்று மாற்றி எழுதி மீண்டும் ஏற்றினால், நேரமும் அளவும் மாறாதிருப்பதால் பழைய பைட்டுக்குறியே இயங்கி 1 என்று விடை தரும். வேகங்குறைந்த கணிப்பொறியில் வெல்லும் சோதனை விரைந்த கணிப்பொறியில் தோற்கும் விந்தைக்கு இது ஒரு காரணம். அடைவுகளைத் துழாவும் கண்டறிவியும் அடைவின் நேரக்குறியை நம்பித் தன் தேக்கத்தைப் புதுப்பிக்கிறது. புதிய கோப்பை எழுதிய உடனே ஏற்ற விரும்பினால் ‘இன்வேலிடேட் கேஷஸ்’ என்னும் செயற்கூற்றை அழைக்குமாறு மொழியின் ஆவணமே பணிக்கிறது. சில நொடி உறங்கிக் காத்திருக்கும் வரிகளைப் பழைய சோதனைகளில் கண்டால், அவற்றின் இடத்தில் இந்த அழைப்பையோ, நேரக்குறியைத் தாமே குறித்து வைக்கும் வரியையோ அமைக்கலாம். சோதனை விரைவுபெறும், அதனினும் முதன்மையாக, அதன் நோக்கம் விளங்கும்.

இனி, செப்பனிடுவோரை வழிதவறச் செய்யும் ஒரு தூண்டுதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோதனைகளைப் புரட்டினால் ஓரிடத்தில் இம்போர்ட் கட்டளை இருக்கும். ஓரிடத்தில் இருபுறமும் அடிக்கோடுகள் சூழ்ந்த ‘இம்போர்ட்’ செயற்கூறு. இன்னோரிடத்தில் ‘இம்போர்ட் மாடியூல்’. மூன்றும் ஒன்றுதானே, ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். மூன்றும் ஒன்றல்ல. ‘எக்ஸ்எம்எல்.டாம்’ என்னும் பெயரை அடிக்கோட்டுச் செயற்கூற்றிடம் கொடுத்தால் அது முதற்பெயரான எக்ஸ்எம்எல் தொகுப்பைத் தரும்; இம்போர்ட் மாடியூலோ கடைப்பெயரான டாம் கூற்றையே தரும். இம்போர்ட் கட்டளை தனக்கென அமைந்த பைட்டுக்குறிக் கட்டளைகளின் வழியே செல்வது.

இவ்வேறுபாடு தமிழ்ப் பெயர்களிலேயே தெளிவாக வெளிப்படும். பைத்தான் 3 பதிப்பிலிருந்து நிரற்பெயர்களைத் தமிழிலும் எழுதலாம். ‘கொடி’ என்று ஒரு நிரற்கூற்றுக்குப் பெயரிட்டு அதை இறக்குமதி செய்யலாம். யூனிகோடு முறையில் ‘கொ’ என்னும் எழுத்தை இருவகையாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஒகரக்குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. இம்போர்ட் கட்டளையில் எழுதப்பட்ட பெயரை மொழி தானே சீர்மைப்படுத்தி, ஒரே குறியுடைய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு தேடும். இம்போர்ட் மாடியூலுக்கு அதே பெயரைச் சரமாகக் கொடுத்தால் கொடுத்தபடியே தேடும். கோப்புப் பெயர்களைப் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் லினக்ஸ் கணிப்பொறியில், இரண்டாம் வகையில் பெயரிட்ட கோப்பை இம்போர்ட் மாடியூல் கண்டெடுக்கும், கட்டளை கண்டெடுக்காது. இந்த வேறுபாட்டைக் காக்கும் சோதனையை ஒருவர் நடை கருதி ஒரே வடிவத்துக்கு மாற்றினால், வரிகள் அழகாகும், சோதனை இறந்துபோகும்.

நடையைத் தாமே திருத்தும் கருவிகளும் இவ்விடத்தில் ஆபத்தானவை. எடுத்தாளப்படாத இறக்குமதி என்று அவை சுட்டும் வரி, இறக்குமதிச் சோதனையில் பெரும்பாலும் சோதனையின் உயிர்வரி. ஏற்றினாலே போதும், பிழை எழக்கூடாது என்பதே அங்கே நோக்கம். இறக்குமதிகளை அகரவரிசைப்படுத்தும் கருவி, ஒன்றையொன்று அழைக்கும் கூறுகளின் வரிசையைக் கலைத்துவிடும். பைத்தானின் சோதனைக் கோப்புகளுக்கு இடையே சுழல் இறக்குமதிகளுக்கென்றே ஓர் அடைவு இருக்கிறது. வேண்டுமென்றே இலக்கணம் பிழைத்த கோப்புகளும், குறிமுறையைப் பொய்யாக அறிவிக்கும் கோப்புகளும் அத்தொகுதியில் உண்டு. அவை நோய்க்கிருமிகளைப் பாதுகாக்கும் குப்பிகள், திருத்தக் கூடாதவை. இவ்வடைவுகளைக் கருவியின் பார்வையிலிருந்து விலக்கிவைத்து, ஏன் விலக்கினோம் என்பதை அங்கேயே ஒரு வரிக் குறிப்பாக எழுதி வைத்தல் வேண்டும். காரணம் எழுதாத விலக்கை அடுத்து வருபவர் நல்லெண்ணத்தோடு நீக்கிவிடுவார்.

அதே கருவிகள் தரும் ஒரு நன்மையையும் மறைப்பதற்கில்லை. ஒரு வகுப்புக்குள் ஒரே பெயரில் இரு சோதனைகள் இருந்தால் பைத்தான் முறையிடாது. பின்னது முன்னதை ஓசையின்றி மூடிவிடும். படியெடுத்து ஒட்டிப் பெயர் மாற்ற மறந்த சோதனைகள் இப்படி ஆண்டுக்கணக்கில் ஓடாமலே கிடப்பதுண்டு. கருவி அதைச் சுட்டிக்காட்டும். மூடிக்கிடந்ததைப் புதுப்பெயரில் எழுப்பினால், சில வேளை அது உடனே தோற்று மெய்யான வழுவைக் காட்டும். செப்பனிடுமுன் ஓடிய சோதனைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்; செப்பனிட்டபின் ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் அங்கேயே நிறுத்தி, காணாமற்போனது எது என்று தேடுங்கள்.

பழைய பெயர்களைப் புதுப்பிப்பது இப்பணியில் எளிய பகுதி. ‘அசர்ட்ஈக்வல்ஸ்’, ‘ஃபெயில்அன்லெஸ்’ முதலிய மாற்றுப்பெயர்கள் 2023-இல் வந்த 3.12 பதிப்பில் நீக்கப்பட்டன. பழைய ‘இம்ப்’ நிரற்கூறும் அதே பதிப்பில் விடைபெற்றது. இவற்றை மாற்றாவிட்டால் சோதனை ஓடவே ஓடாது என்பதால் இங்கே விவாதத்துக்கு இடமில்லை.

வியக்கத்தக்க ஓர் ஒழுங்கையும் இம்போர்ட்லிப் சோதனைகளில் காணலாம். பொறியின் உறைநிலை வடிவமும் மூலநிரல் வடிவமும் ஒரே செயல்பாட்டைத் தர வேண்டும். ஆகவே ஒவ்வொரு சோதனையும் ஒருமுறை மட்டும் எழுதப்பட்டு, ‘டெஸ்ட் போத்’ என்னும் துணைச் செயற்கூற்றால் இரண்டு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்றின் பெயர் ‘ஃப்ரோசன்’ என்றும் மற்றதன் பெயர் ‘சோர்ஸ்’ என்றும் தொடங்கும். முதன்முறை படிப்பவர்க்கு இது தேவையற்ற சிக்கலாகத் தோன்றும். ஆயினும் இதைப் பிரித்து இரண்டு தனிப்படிகளாக எழுதினால், ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் விட்டுப்போகும். எந்த வடிவத்தில் தோல்வி நேர்ந்தது என்பதை வகுப்பின் பெயரே சொல்லிவிடுவதும் இந்த அமைப்பின் சிறப்பு. எளிமை என்ற பெயரில் இதைக் கலைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

எல்லாத் தூய்மையும் கைவிட்ட இடத்தில், புதிய நிரல்பெயர்ப்பியையே தனிச்செயலாக ஏவிச் சோதிக்கும் வழி எஞ்சியிருக்கிறது. தொடக்கத்திலேயே நிகழும் இறக்குமதிகளைச் சோதிக்க இதைவிட நேர்மையான முறை இல்லை. ஆனால் ஒவ்வோர் ஏவுதலும் நேரம் தின்னும். பதிவேட்டை மீட்பதற்குச் சோம்பி எல்லாச் சோதனைகளையும் இப்படி எழுதிவிட்டால், தொகுதி முழுவதும் ஓட ஆகும் நேரம் பெருகி, நிரலர்கள் அதை ஓட்டுவதையே தவிர்ப்பர்.

செப்பனிட்ட மாற்றத்தை ஒப்படைக்கும்போது அதைத் தனியாகவே ஒப்படைக்க வேண்டும். பொறியின் நிரலில் ஒரு வரியும் அதனோடு மாறக் கூடாது. பின்னர்ப் பொறியை வேண்டுமென்றே ஊனப்படுத்திப் பார்க்கலாம். ஏறும்போது தோற்ற கூற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் வரியை அடைத்துவிட்டு ஓட்டுங்கள். உட்கூற்றைத் தாயின் பண்பாகப் பொருத்தும் வரியை அடைத்துவிட்டு ஓட்டுங்கள். பழைய நடையில் இருந்தபோது எந்தெந்தச் சோதனைகள் விழுந்தனவோ, புதிய நடையிலும் அவை அத்தனையும் விழ வேண்டும். ஒன்று விழாமல் நின்றால், அந்தச் சோதனையின் பழைய வடிவத்தை எடுத்துவைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்க வேண்டியதுதான்.